பைன் காட்டுக்கு நெருப்பு நல்லது என்றால் எங்கள் பனங்கூடலுக்கும் நல்லதா?

உரும்பிராய் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன கிழமை பிள்ளைகள் ஒரு வீடியோ கொண்டுவந்து காட்டினார்கள். அமெரிக்காவில் ஒரு பைன் காட்டுக்குள் வனத்துறை ஆட்களே கையில் எண்ணெய்ப் பந்தத்தோடு நடந்து நடந்து, மரங்களுக்குக் கீழே வரிசையாக நெருப்பு வைத்துக்கொண்டு போகிறார்கள். சருகும் புதரும் முழங்கால் உயரத்துக்கு எரிகிறது, மேலே மரம் பச்சையாக நிற்கிறது, ஒருவரும் பதறவில்லை. நெருப்பு இல்லாவிட்டால் இந்தக் காடே இல்லை என்று அதில் சொல்கிறார்கள்.

அதே கிழமைதான் இங்கே சோளகக் காற்றுக்குள் (தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம்) எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பனங்கூடல் எரிந்தது. யாரோ வேலியோரம் குப்பைக்கு வைத்த நெருப்பு. தண்ணீர் பவுசர் வந்து சேர்வதற்குள் காவோலையில் (காய்ந்த பனையோலையில்) பிடித்து, பனைக்குப் பனை தாவி, பின்னேரம் மட்டும் எரிந்தது. ஊரில் பெரியவர் ஒருவர், பனைக்கு நெருப்பு ஒன்றும் செய்யாது, மாரி மழை விழ வடலியெல்லாம் (இளம் பனையெல்லாம்) திரும்ப வரும் என்கிறார். வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டையும் சேர்த்து யோசித்துவிட்டு, "ரீச்சர், அப்படியென்றால் வருசம் ஒருக்கால் நாங்களே கொளுத்திவிட்டால் என்ன?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நெருப்பு கெட்டது என்று மட்டும் சொல்லி அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அவள் பார்த்த வீடியோ பொய் இல்லையே.

அந்தப் பைன் மரமும் கீழே உள்ள புதரும் நெருப்புக்குத் தப்புவது எப்படி, அதில் எது எங்கள் மண்ணுக்குப் பொருந்தும், எது பொருந்தாது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன்.

பைன்காட்டு அயலவன்:

ரீச்சர், எனக்கு ஊர் மானிப்பாய், இப்போது இருப்பது நியூ ஜேர்சியின் தென்பக்கம். பைன் பேரன்ஸ் என்ற காடு எங்களுக்குக் கிட்டத்தான், நடக்கப் போவது அங்கேதான், அதனால் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் மண். முழுக்க மணல், புளிப்பு (அமில) மண், பசளைச் சத்து மிகக் குறைவு. அங்கே மழை இல்லை என்று நினைக்க வேண்டாம், ஆண்டு மொத்தத்தைப் பார்த்தால் கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்து மழைதான், ஆனால் வருசம் முழுக்கப் பரவிப் பெய்யும். பெய்தது மணலுக்குள் நேராக இறங்கிவிடும், கீழே பெரிய நிலத்தடி நீர்த்தேக்கமே இருக்கிறது, மேலே இரண்டு மூன்று நாள் வெயிலடித்தால் சருகு நொறுங்கும். புளிப்பு மண்ணில் ஊசியிலை உக்குவதும் மெதுவாகத்தான், ஆகவே கீழே படுக்கை படுக்கையாகச் சேர்ந்துகொண்டே போகும். மேலே பிட்ச் பைன் என்ற மரம், பிசின் நிறைந்தது. அதற்குக் கீழே ஆளுயரக் குறு ஓக், அதற்கும் கீழே ஹக்கிள்பெரி, புளூபெரிச் செடிகள். எரிவதற்கு வேண்டிய எல்லாம் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்திருக்கிறது. ஏப்ரல் மாதம், மரங்கள் தளிர் விடுவதற்கு முன், காற்று காய்ந்து வீசும். அதுதான் ஆபத்தான காலம். 1963 ஏப்ரலில் ஒரு சனி, ஞாயிறுக்குள் 1 லட்சத்து 80 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது, வீடுகளும் போயின, உயிர்களும் போயின. இந்தக் காட்டில் நெருப்பு என்றால் எப்போதும் சின்ன விசயம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

சரி, மரம் எப்படித் தப்புகிறது? பிட்ச் பைனின் பட்டை தடிப்பானது, தட்டுத் தட்டாக வெடித்து நிற்கும். அந்தப் பட்டைக்கு உள்ளே தண்டு நெடுக உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. நெருப்பில் கிளையும் இலையும் கருகிப் போனால் அந்த மொட்டுகள் விழித்துக்கொள்ளும். எரிந்த இடத்துக்குச் சில கிழமை கழித்துப் போனால், கரிக்கட்டையாக நிற்கிற தண்டில் நேரே பட்டையைக் கிழித்துக்கொண்டு பச்சை ஊசியிலைக் கொத்துகள் வந்திருக்கும், கிளையே இல்லை, தண்டு முழுக்க மயிர் முளைத்த மாதிரி. கை வைத்தால் ஒரு பக்கம் கரி ஒட்டும், மறுபக்கம் தளிர் மெத்தென்று இருக்கும். பைன் இனங்களில் பெரும்பாலானவற்றால் இது முடியாது, எரிந்தால் எரிந்ததுதான். இது மட்டுமில்லை, பிட்ச் பைன் நாற்று நிலமட்டத்தில் ஒரு வளைவு வளைந்துதான் மேலே எழும்பும். அந்த வளைவில் உள்ள மொட்டுகள் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். மேல் பாகம் முழுக்க எரிந்தாலும் அடியிலிருந்து திரும்ப வரும்.

புதரின் வழி வேறு. குறு ஓக்குக்கும் ஹக்கிள்பெரிக்கும் தடித்த பட்டையும் இல்லை, உயரமும் இல்லை. அவை மேலே உள்ளதை நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, மண்ணுக்குக் கீழே உள்ள கட்டையிலிருந்தும் நிலக்கீழ்த் தண்டிலிருந்தும் அந்தக் கோடையிலேயே திரும்ப எழும்பிவிடும்.

இந்தக் காட்டுக்குள் குட்டைப் பைன் வெளி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே அதே பிட்ச் பைன்தான், ஆனால் பெரும்பாலும் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய, நடுவில் நின்றால் மரங்களுக்கு மேலால் அடிவானம் தெரியும். அங்கே நெருப்பு மற்ற இடங்களைவிட அடிக்கடி வந்து போயிருக்கிறது. அங்குள்ள மரங்களின் கூம்புகள் பிசினால் இறுக ஒட்டி மூடியே கிடக்கும், முற்றின பிறகும் ஆண்டுக்கணக்காகத் திறக்காது. நெருப்பின் சூட்டில் பிசின் இளகினால்தான் செதில் விரிந்து விதை கொட்டும், கொட்டுகிற நேரம் கீழே சருகு எரிந்து வெறும் மணல் தயாராக இருக்கும். நெருப்பு குறைவான பகுதிகளில் இதே இனத்தின் கூம்பு முற்றியதும் தானாகத் திறக்கும். ஒரே மரம், ஒரே காடு, நெருப்பின் இடைவெளி மாறினால் கூம்பின் பழக்கமே மாறுகிறது. எனக்கு இந்தக் காட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

நெருப்பை முழுக்க நிறுத்தினால்? சருகு தடிக்கும், பைன் விதை மணலைத் தொடாது, உயர்ந்த ஓக் மரங்கள் மேலே வந்து நிழல் போடும், நிழலில் பைன் நாற்று நிற்காது. இரண்டு தலைமுறை மரத்தில் காடு வேறு காடாகிவிடும். சருகு சேர்ந்த அளவுக்கு அடுத்து வருகிற நெருப்பும் மூர்க்கமாக வரும். அதனால்தான் நியூ ஜேர்சிக் காட்டுத்தீச் சேவைக்காரர் குளிர்காலத்தில், மண் ஈரமாகவும் காற்று மெல்லவும் இருக்கிற நாள் பார்த்து, ஆளும் தண்ணீரும் சுற்றி நிறுத்திக்கொண்டு, சின்ன நெருப்பாகக் கொளுத்துகிறார்கள். உங்கள் பிள்ளைகள் பார்த்தது அப்படியான ஒன்றாகத்தான் இருக்கும்.

சங்குப்பிட்டிக் காற்று:

அண்ணை, ஒரு சந்தேகம். நெருப்பு அவ்வளவு தேவை என்றால் அமெரிக்காவில் ஏன் ஸ்மோக்கி என்ற விளம்பரக் கரடிக்குத் தொப்பி போட்டு, காட்டுத்தீயைத் தடுக்கச் சொல்லி இத்தனை காலம் விளம்பரம் செய்தார்கள்? அடிக்கடி கொளுத்தினால் இன்னும் நல்லது என்றுதானே எடுக்க வேண்டும்?

பைன்காட்டு அயலவன்:

தம்பி, கரடி விளம்பரம் 1944இல் தொடங்கியது. மனிதனின் கவனக்குறைவால் வரும் நெருப்பைத் தடுக்கச் சொன்னது சரியான காரியம். ஆனால் அந்தக் காலம் முழுக்க நெருப்பு எதுவானாலும் அணை என்ற கொள்கைதான் நடந்தது, அதற்கு விலை கொடுத்த காடு ஒன்று தெற்கே இருக்கிறது. லோங்லீஃப் பைன் என்று பெயர். ஒரு காலத்தில் வேர்ஜினியாவிலிருந்து டெக்சஸ் வரை ஏறக்குறைய 9 கோடி ஏக்கர் நின்றது, பிறகு சுமார் 30 லட்சம் ஏக்கராகச் சுருங்கிவிட்டது. வெட்டியது, உழுதது, வேறு பைன் நட்டது எல்லாம் காரணம், நெருப்பை நிறுத்தியதும் பெரிய காரணம். அந்த மரத்தின் நாற்று முதல் சில ஆண்டுகள் உயரவே உயராது, தரையில் ஒரு புல் குத்து மாதிரி இருக்கும், நீண்ட ஊசியிலைகள் சுற்றி நின்று நடுவில் உள்ள மொட்டை மூடிக்கொள்ளும். நெருப்பு வந்தால் ஊசியிலை நுனி எரியும், மொட்டு தப்பும். அந்த நேரம் எல்லாம் வேரைப் பலப்படுத்திக்கொண்டு, பிறகு ஒரே பாய்ச்சலாக மேலே எழும்பும். நெருப்பு வராவிட்டால் சுற்றியுள்ள புதர் அதை மூடிக் கொன்றுவிடும்.

அடிக்கடி கொளுத்தினால் இன்னும் நல்லதா என்று கேட்டாய். இல்லை. இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருக்கால் என்பது லோங்லீஃபுக்குச் சரி. வடக்கே மிச்சிக்கனிலும் கனடாவிலும் உள்ள ஜாக் பைனுக்கு அது மரணம். ஜாக் பைன் எரிந்தால் செத்துவிடும், தண்டிலிருந்து துளிர்க்கத் தெரியாது, அதன் முழு நம்பிக்கையும் மூடிய கூம்புக்குள் இருக்கிற விதைதான். ஏறக்குறைய 50 பாகை செல்சியஸில் பிசின் இளகும், விதை விழும், புதுக் காடு முளைக்கும். அந்தப் புது மரங்கள் போதுமான கூம்பு சேர்ப்பதற்கு முன் இரண்டாவது நெருப்பு வந்தால் விதையும் இல்லை, மரமும் இல்லை, அந்த இடம் காடே இல்லாமல் போகும். அதனால் "பைன் காட்டுக்கு நெருப்பு நல்லது" என்று ஒரு வரியில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். எந்தப் பைன், எத்தனை வருசத்துக்கு ஒருக்கால், எந்தப் பருவத்தில், எவ்வளவு சூட்டில் என்று நாலையும் சொன்னால்தான் அது ஒரு பதில்.

பனையடி ஐயா:

பிள்ளை ரீச்சர், பைன் பற்றித் தம்பி வடிவாக எழுதிவிட்டார். நான் வடமராட்சி, பனையோடும் பனைத் தொழிலோடும் நெடுங்காலம் இருந்தவன், தாவரவியலும் படித்தவன். பனைப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பிள்ளைகளிடம் எந்தச் செடியைக் காட்டினாலும் முதலில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இதன் மொட்டு எங்கே இருக்கிறது? பிட்ச் பைனுக்குப் பட்டைக்குள், தண்டு நெடுக. குறு ஓக்குக்கு மண்ணுக்குள். லோங்லீஃப் நாற்றுக்கு ஊசியிலைக் குடைக்குள். ஜாக் பைனுக்கு மரத்தில் இல்லவே இல்லை, கூம்பில் உள்ள விதைக்குள். அப்புறம் பனைக்கு எங்கே? ஒன்றே ஒன்று, வட்டுக்கு (ஓலைகள் விரியும் உச்சிக்கு) நடுவில், குருத்தின் அடியில். அது போனால் மரம் போயிற்று.

ஊர்ப் பெரியவர் சொன்னதில் பாதி சரி. பனை ஒருவித்திலைத் தாவரம். பைன் மாதிரிப் பட்டைக்குக் கீழே மாறிழையம் (தண்டைப் பருக்க வைக்கும் மெல்லிய வளரும் படை) ஒரு வளையமாக ஓடவில்லை, தண்ணீரைக் கொண்டு போகும் கலன் கட்டுகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பைனின் அடியைச் சுற்றிப் பட்டையோடு எரித்துவிட்டால், உள்ளே உள்ள அந்த மெல்லிய வளையம் வெந்து மரம் சாகலாம். பனைக்கு வெளிப்பக்கம் ஓரங்குலம் கருகினாலும் உள்ளே உள்ள கட்டுகள் தண்ணீரை மேலே கொண்டு போய்க்கொண்டே இருக்கும். வெளிப்பக்கம்தான் வைரம் பாய்ந்ததும். ஆகவே கீழால் சருகு நெருப்பு ஓடினால் நிமிர்ந்த பனை கறுத்தபடி நிற்கும், சாகாது. உங்கள் பெரியவர் கண்டது அதைத்தான்.

ஆனால் காவோலை வெட்டாத பனையைப் பாருங்கள். காய்ந்த ஓலையும் கங்குமட்டையும் (ஓலைக் காம்பின் அடிப்பாகம்) வட்டிலிருந்து கீழே தொங்கும், சில மரத்தில் தண்டில் பாதி வரை. நெருப்பு அதில் ஏறினால் நேரே குருத்துக்குத்தான் போகும். அங்கே தப்ப வேறு மொட்டு இல்லை, பக்கக் கிளை இல்லை, அடியிலிருந்து துளிர்க்கிற வழியும் இல்லை. யுத்த காலத்தில் ஷெல் பட்டுத் தலை போன பனைகளைக் கண்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தண்டு ஆண்டுக்கணக்காக நின்றது, ஒன்றுகூடத் திரும்பத் தளிர்க்கவில்லை. பைன்காட்டுத் தம்பி பார்த்த கறுத்த தண்டுக்கும் எங்கள் மொட்டைப் பனைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த உறங்கும் மொட்டில்தான்.

வடலியின் கதை இன்னும் சுவாரசியமானது. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேலே வருவதில்லை, மண்ணைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். நாங்கள் பனம்பாத்தி கிண்டும்போது ஊமல் மேலே கிடக்கும், கிழங்கு கீழே செங்குத்தாக இறங்கி நிற்கும். பிள்ளைகள் ஒரு கிழங்கைக் கையில் எடுத்து நெடுக்காகக் கிழித்துப் பார்க்கட்டும், உள்ளே வெள்ளையாகச் சுருண்டிருக்கிற பீலிதான் நாளைக்குக் குருத்து. அப்படி வளரும் நுனி மண்ணுக்குள் பல ஆண்டு இருந்து, தண்டின் பருமனைக் கீழேயே முடித்துக்கொண்டு, பிறகுதான் மேலே எழும்பும். அந்தப் பருவத்தில் ஓலை முழுக்க எரிந்தாலும் குருத்து மண்ணுக்குள் பத்திரம். லோங்லீஃப் நாற்று பல ஆண்டு தரையோடு கிடந்து செய்கிற வேலையைத்தான் எங்கள் வடலியும் செய்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத தாவரங்கள், ஒன்றைப் பற்றி மற்றது கேள்விப்படாத நிலங்கள்.

ஆனால் ரீச்சர், தாங்குவது வேறு, தேவைப்படுவது வேறு. இந்த இடத்தில்தான் உங்கள் பிள்ளைக்குப் பதில் இருக்கிறது. பனங்கொட்டை முளைக்க நெருப்பு வேண்டியதில்லை. பனம்பழம் விழுந்தால் மாடு சூப்பிப் போட்டாலும் முளைக்கும். நெருப்பு இல்லாததால் பனங்கூடல் அழிந்தது என்று யாழ்ப்பாணத்தில் ஒரு இடம் காட்ட முடியாது. வருசா வருசம் எரித்தால் வடலி உயிரோடு இருக்கும், ஆனால் ஓலையை இழந்து இழந்து, கீழே சேமித்ததைச் செலவழித்துக்கொண்டு, நிமிரவே மாட்டாது. காவோலைக்கும் கங்குமட்டைக்கும் இடையில் வௌவால், மரநாய், அணில் எல்லாம் குடியிருக்கின்றன. பனை உழவாரன் குருவி பெரும்பாலும் ஓலையின் அடியில்தான் கூடு ஒட்டும்.

ஹப்புத்தளைச் செல்வி:

அக்கா, மலைநாட்டிலிருந்து எழுதுகிறேன். பைன் என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது வேறு படம். இங்கே ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் மலைச் சரிவெல்லாம் நிற்கிற பைன் இலங்கை மரம் இல்லை. இலங்கைக்கு இயற்கையாக ஒரு பைன் இனமும் இல்லை. இது கரீபியன் பைன், நடு அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் உள்ளது, 1970களிலும் 80களிலும் புல்வெளிகளிலும் கைவிட்ட தேயிலைக் காணிகளிலும் பெருமளவில் நட்டார்கள். அதன் சொந்த ஊரில், ஹொண்டுராஸ், நிக்கராகுவாப் பக்கத்துக் கரையோரப் புல்வெளிகளில், அது அடிக்கடி வரும் நெருப்போடு சேர்ந்தே வாழ்கிற மரம். இங்கே மரத்தை மட்டும் கொண்டுவந்து நட்டார்கள், கூட வாழ்ந்த புல்லோ பறவையோ வரவில்லை.

ஆனி, ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் காற்று காய்ந்து அடிக்கும்போது வருசா வருசம் இந்தப் பைன் சரிவுகள் எரிகின்றன, பெரும்பாலும் ஆட்கள் வைக்கிற நெருப்பு. பெரிய பைன் தப்பிவிடும், பட்டை தடிப்பு. எரிவது கீழே மெல்ல மெல்லத் தலைகாட்டின நாட்டு மரக்கன்றுகள்தான். எரிந்த சரிவில் அடுத்த மழைக்கு மண் கரைந்து ஓடையில் சிவப்பாக ஓடும், அந்த ஓடைத் தண்ணீரைத்தான் தேயிலைத் தோட்ட லயத்துச் சனம் குடிக்கிறது. இந்த நெருப்பைப் பார்த்துவிட்டு "பைனுக்கு நெருப்பு பழக்கம்தானே" என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும். மரத்துக்குப் பழக்கம், மலைக்குப் பழக்கம் இல்லை.

நல்ல செய்தியும் ஒன்று சொல்கிறேன். சிங்கராஜக் காட்டோரத்தில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பைன் வரிசைகளைச் சில இடங்களில் வெட்டி வெளிச்சம் விட்டு, அதற்குள் அந்தக் காட்டின் சொந்த மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். வெறும் வெளியில் நிற்க முடியாத கன்றுகள் பைனின் அரை நிழலில் நன்றாக வந்தன. பைனையே தாதியாக வைத்து நாட்டுக் காட்டைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று காட்டிய வேலை அது. அதற்கு முதல் நிபந்தனை நெருப்பு உள்ளே வராமல் இருப்பது.

உரும்பிராய் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. "மொட்டு எங்கே" என்ற கேள்வியை நாளைக்கே கரும்பலகையில் எழுதப்போகிறேன், ஐயா. இன்னும் இரண்டு விசயம் கேட்க இருக்கிறது. அந்தப் பைன் காட்டில் நெருப்பு வைக்கும்போது பறவை, பூச்சி எல்லாம் என்ன ஆகும்? பிள்ளைகள் முதலில் கேட்கப்போவது அதைத்தான். மற்றது, பனை இருக்கட்டும், வன்னிக் காடு எரிவதை எப்படிப் பார்ப்பது? அதுவும் வறண்ட நிலக் காடுதானே.

பைன்காட்டு அயலவன்:

பறவைக்கு ஒரு கதை, பூச்சிக்கு ஒரு கதை.

மிச்சிக்கனில் கேர்ட்லாண்ட் வார்ப்ளர் என்று ஒரு சின்னக் குருவி, வயிறு மஞ்சள், குளிர்காலத்துக்குப் பஹாமாஸ் தீவுகளுக்குப் போய்விடும். கூடு கட்டுவது தரையில், இளம் ஜாக் பைனின் தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே. மரம் ஏறக்குறைய 5 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் இருக்க வேண்டும். வயது கூடினால் கீழ்க்கிளை காய்ந்துவிடும், குருவி அந்த இடத்தை விட்டுப் போய்விடும். அதாவது எங்காவது ஒரு இடத்தில் எப்போதும் புதிதாக எரிந்து முளைத்த காடு இருந்தால்தான் அதற்கு வாழ்வு. நெருப்பை அணைத்து அணைத்து இளம் காடு இல்லாமல் போனதும், வேறொரு பறவை அதன் கூட்டில் முட்டையிட்டுக் கெடுத்ததும் சேர்ந்து, 1974இலும் 1987இலும் எண்ணியபோது பாடுகிற ஆண் குருவிகள் 167தான் இருந்தன. பிறகு காட்டை வெட்டி நட்டும், சில இடம் எரித்தும், கூட்டைக் கெடுக்கிற பறவையைப் பிடித்தும் காப்பாற்றினார்கள். 2019இல் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஒரு துக்கமும் உண்டு. 1980 மே மாதம் இந்தக் குருவிக்காக வைத்த நெருப்பு கைமீறிப் போய் 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது, ஒரு வனத்துறை ஊழியர் உயிரிழந்தார், வீடுகளும் போயின. பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படி நடக்கும். குப்பைக்கு வைத்த நெருப்பை ஒருவர் தனியாகக் கட்டுப்படுத்துவார் என்று எப்படி நம்புவது?

பூச்சிக்கு நியூயோர்க் மாநிலம் ஓல்பனியில் உள்ள பைன் புதர்க்காடு. அங்கே கார்னர் நீல வண்ணத்துப்பூச்சி, நகத்தளவு, அதன் புழு காட்டு லூப்பின் என்ற ஒரே செடியின் இலையைத்தான் தின்னும். லூப்பின் வெயில் செடி, புதர் மூடினால் போய்விடும். நெருப்பு புதரைக் கழித்து வெயிலை உள்ளே விடுகிறது. ஆனால் நெருப்பு ஓடுகிற இடத்தில் உள்ள முட்டையும் புழுவும் சாகும்தான். அதனால் முழுக் காட்டையும் ஒரே வருசத்தில் எரிப்பதில்லை, துண்டு துண்டாக, ஒரு துண்டு எரிந்தால் பக்கத்துத் துண்டு எரியாமல் இருக்கும்படி வைக்கிறார்கள், அங்கிருந்து வண்ணத்துப்பூச்சி திரும்ப வரும். பெரிய காடு இருந்தால்தான் இப்படித் துண்டு பிரிக்க முடியும். எங்கள் ஊர்ப் பனங்கூடலில் உள்ளது எரிந்தால், தப்பி ஓடப் பக்கத்தில் இன்னொரு துண்டு எங்கே இருக்கிறது?

ஒட்டுசுட்டான் தம்பி:

வன்னிக்கு நான் சொல்கிறேன் ரீச்சர். நாங்கள் இருப்பதே காட்டோரம். எங்கள் காடு பாலை, வீரை, முதிரை, கருங்காலி நிற்கிற காடு. வறண்டது என்றதால் நெருப்புக் காடு என்று எடுக்க முடியாது. பெரும்பாலான மரம் வருசம் முழுக்க இலையோடு நிற்கும், உள்ளே போனால் நடுப்பகலிலும் இருட்டு, நாற்றுகள் அந்த நிழலில் முளைத்துப் பழகியவை. இடி மின்னல் எங்களுக்குச் சித்திரையிலும் ஐப்பசியிலும் மழையோடு சேர்ந்தே வரும், காட்டைப் பற்ற வைக்கிற சோளகத்தில் வானத்தில் மின்னல் அரிது. ஆகவே சோளகத்தில் எரிகிற நெருப்பு ஏறக்குறைய எல்லாம் மனிதன் வைத்தது. மாட்டுக்குப் புல் தளிர்க்கட்டும் என்று, தேனுக்கு, வேட்டைக்கு, காணி பிடிக்க.

ஒருக்கால் எரிந்தால் காடு சமாளிக்கப் பார்க்கும். திரும்பத் திரும்ப எரித்த இடங்களில் முதலில் முள் வந்தது, பிறகு இலுக்குப் புல் வந்தது. இலுக்கு வந்தால் அதுவே அடுத்த வருச நெருப்புக்கு விறகு. புல் எரியும், வேர் தப்பும், முளைக்கிற பாலைக்கன்று சாகும், திரும்பப் புல் வரும். பாலை மெதுவாக வளர்கிற மரம், பேரப்பிள்ளை காலத்துக்குத்தான் பழுக்கும். பாலைப்பழம் பழுக்கிற காலமும் நெருப்பு வைக்கிற காலமும் கிட்டத்தட்ட ஒன்று, அந்தப் பழத்தை நம்பிக் கரடி இருக்கிறது, எங்கள் சனமும் இருக்கிறது.

பனையடி ஐயா:

தம்பி சொன்னது முழுக்கச் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், இலங்கையில் நெருப்புக்குப் பழகின மரவெளி இல்லவே இல்லை என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. ஊவாவில் பிபிலைக்கு அப்பால் நில்கலப் பக்கம், கல்லோயாவை ஒட்டி, புல்வெளியும் இடைக்கிடை மரமுமாக ஒரு நிலம் இருக்கிறது. அங்கே நிற்பவை கடுக்காய், தான்றி, நெல்லி. திரிபலாவின் மூன்றும் ஒரே இடத்தில். தடித்த பட்டை, எரிந்தாலும் தாங்கும், கீழே புல் அடிக்கடி எரிகிற இடம். நெருப்புக்கு இசைவாக்கம் அடைந்த மரத்துக்கு உள்நாட்டு உதாரணம் வேண்டும் என்றால் பைனை விட்டுவிட்டு இதை எழுதச் சொல்லுங்கள்.

உரும்பிராய் ரீச்சர்:

கடைசியாக ஒன்று ஐயா. எரிந்த கூடலில் கறுத்துப் போன பனைகளை வெட்டி விற்க ஆட்கள் இப்போதே வந்து நிற்கிறார்கள், செத்த மரம்தானே என்கிறார்கள். பிள்ளைகளோடு போய்ப் பார்க்க இருக்கிறேன். எது உயிரோடு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பனையடி ஐயா:

உடனே வெட்ட விடாதீர்கள் பிள்ளை. தண்டின் கறுப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வட்டுக்கு நடுவில் உள்ள குருத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள், மேலே ஏறத் தேவையில்லை, கீழே நின்று ஒவ்வொரு மரத்தையும் ஒரே இடத்திலிருந்து மாதம் ஒருக்கால் படம் எடுத்தால் போதும். விரிந்த ஓலை எல்லாம் காய்ந்திருந்தாலும் நடுக் குருத்து பச்சையாக மேலே தள்ளினால் மரம் உயிர். மாரி முடிந்து தை மாதமும் குருத்து அசையாமல் பழுப்பாக நின்றால், அல்லது சரிந்து விழுந்தால், அது போய்விட்டது, அதைத் தறிக்கலாம். வடலிகளை அப்படியே விடுங்கள், மழை விழுந்து ஒன்றிரண்டு மாதத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஓலை வரும், அந்த நேரம் ஆடு மாடு உள்ளே போகாமல் ஒரு அடைப்புப் போட்டால் பெரிய உதவி. அடுத்த சோளகத்துக்கு முன், பங்குனி, சித்திரைக்குள், ஆள் பிடித்துக் காவோலையைத் தறித்து இறக்கி, வேலியோரம் ஒழுங்கையளவு அகலத்துக்குச் சருகு இல்லாமல் கூட்டி விடுங்கள். இறக்கிய ஓலையை வீணாக்காமல் தோட்டக்காரருக்குக் கொடுங்கள், புகையிலைக் கன்றுக்கும் மிளகாய்க் கன்றுக்கும் தாட்டுப் பசளையாகப் போடுவார்கள்.